அலமாரியில் வந்த துப்பாக்கி

அலோன், யாங்கோன்
டிசம்பர் 2018

அன்பு மகன் ரமேஷ்குமாருக்கும் மருமகள் சத்யபாமாவுக்கும் அம்மா விஜயகுமாரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நான் இங்கே நல்ல சுகம். இந்த வருஷம் ஆற்றுப் பக்கத்துக் குளிர் கொஞ்சம் அதிகம். மாவு புளிக்க நேரமாகிறது. மற்றபடி தோசை வியாபாரத்துக்குக் குறைவில்லை, துறைமுகத்துப் பர்மாக்காரர்கள் காலையிலேயே வந்து "அமா, தோஷே இன்னும் ஆகலையா?" என்று கதவைத் தட்டுகிறார்கள். பினாங்கில் வீடு மாறிவிட்டீர்களா? புது வீட்டில் சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று சத்யாவைக் கேட்டேன், நீ பேச்சை மாற்றிவிட்டாய். ஜன்னல் இல்லையென்றால் சொல், திட்டமாட்டேன்.

பக்கத்து வீட்டு மிஸ்பாவின் வீட்டுக்காரர் ஷாநவாஸ் துணி எடுக்க அங்கே வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதமும், உனக்குப் பிடித்த பலச்சாங் ஒரு பாட்டிலும் கொடுத்தனுப்புகிறேன். இறால் நல்ல இறால், காரம் உனக்காகக் கூட்டியிருக்கிறேன். சத்யாவுக்குத் தனியாகக் காரம் குறைத்து ஒரு பாட்டில்.

போனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "ம்" என்று சொன்னால் எனக்கு மேலே வார்த்தை வராது. இந்த விஷயத்தை நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடிக்க வேண்டும்.

முதலில் ஒன்று. யாரும் ஜெயிலில் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பர்மா பேப்பரில் என் படம் வரப்போகிறது. அதை உன் சிநேகிதர்கள் யாராவது பேஸ்புக்கில் போட்டு நீ பார்ப்பதற்கு முன்னால், இதை நீ படித்திருக்க வேண்டும்.

நம் பழைய மர அலமாரியைக் கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா? வேறு ஒன்று வேண்டும் என்று மோகனிடம் சொல்லி வைத்திருந்தேன். மோகனை உனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது மடக்குக் கட்டில் கொண்டுவந்து போட்டாரே, வெட்கம் வந்தால் விசிலடிப்பார் என்று சத்யா சிரித்தாளே, அவர்தான். சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். மனைவி தவறி ரொம்ப வருஷம் ஆயிற்று, பிள்ளைகள் இல்லை. தன்லியினில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று போய், அங்கிருந்து ஒரு தேக்கு அலமாரியை எனக்காக வாங்கிவந்தார். என்ன பளபளப்பு தெரியுமா! கதவில் கொத்துக் கொத்தாகத் திராட்சை செதுக்கியிருக்கிறது.

அலமாரியை இறக்கிவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். பின்பலகை ஒரு பக்கம் உப்பியிருந்தது. சரி செய்துவிட்டுப் போகிறேன் என்று மோகன் உளியை எடுத்தார். பலகை கழன்று வந்தால், அதற்குப் பின்னால் இன்னொரு பலகை. இரண்டுக்கும் நடுவில் மெழுகுத் துணியில் சுற்றி ஏதோ நின்றது. நீளத்தைப் பார்த்து நான் குடை என்றுதான் நினைத்தேன்.

துணியைப் பிரித்தால் துப்பாக்கி.

குட்டையான துப்பாக்கி. குடையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். கட்டை கறுத்துப்போய், இரும்பு துருப்பிடித்துச் சிவந்து, பக்கவாட்டில் பெரிதாக ஒரு கொக்கி மாதிரி சுத்தியல். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். மோகனோ, கடவுளே, சந்தோஷத்தில் குதிக்கிறார்! பர்மாக்காரர்கள் மாதிரி என்னை மரியாதையாக 'டோ' போட்டுத்தான் கூப்பிடுவார்.

"டோ விஜயா, இது குதிரைக்காரன் துப்பாக்கி! அமெரிக்காக்காரன் குதிரைப் பட்டாளம்! இந்த வளையத்தைப் பாருங்க, தோள் வாருல மாட்டிக்குவான், குதிரை பறந்தாலும் கீழ விழாது. விசைக்குக் கீழ இருக்கிற இந்தக் கம்பியை இப்படிக் கீழ தள்ளி மேல இழுத்தா அடுத்த குண்டு தானா வந்து நிக்கும். ஏழு குண்டு! சின்ன வயசுல சூலே பக்கம் தியேட்டர்ல குதிரைப் படம் ஒண்ணு விடமாட்டேன் நானு!"

மேலே தகட்டில் இங்கிலீஷ் எழுத்து தேய்ந்து தெரிந்தது. விளக்கைக் கிட்டக் கொண்டுபோய் நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஸ்பென்சர். அதற்குக் கீழே பாஸ்டன். அமெரிக்காதான்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று உறைத்தது. மெதுவாக எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். நம்மைப் போன்றவர்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ்காரர்கள் பழசா புதுசா என்று நின்று கேட்டுக்கொண்டிருப்பார்களா?

அடுத்த சில நாட்கள் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது. உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கட்டையின் அடியில் குண்டு போடுகிற குழாய் ஒன்று இருக்குமாம், அது துருவில் இறுகிக்கிடந்தது. முதலில் அதைச் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மிஸ்பாவின் சமையலறை என்று ஞாபகம் வந்ததும் ஓடிப்போய்த் திருப்பி வைத்தேன். இந்தப் பக்கம் சாமி படம். கடைசியில் மூலையில் நிமிர்த்தி வைத்துப் பழைய லோஞ்சிக் கைலி ஒன்றைப் போர்த்திவிட்டேன். முக்காடு போட்ட மாமியார் மாதிரி நின்றது. போகும்போதும் வரும்போதும் அதற்கு மரியாதையாக ஒதுங்கி நடந்தேன்.

மோகன் தினமும் வந்து "இருக்கா?" என்று கேட்பார். "எங்கே போகும்?" என்பேன். பிறகு உட்கார்ந்து தோசை சாப்பிடுவார். ரமேஷ், என் கையால் தினமும் எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள். எல்லாம் இலையில் கட்டி வாங்கிப் போகிறவர்கள். உன் அப்பா போனபிறகு என் சமையலறையில் என் எதிரே உட்கார்ந்து, "சட்னி இன்னிக்கு உப்பு தூக்கல்" என்று யாரும் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் உப்பைப் பார்த்துப் போட்டேன்.

ஆற்றில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். அக்கரையில் டாலாவுக்குப் போகிற படகில் ஏறி, நடு ஆற்றில் யாரும் பார்க்காதபோது விட்டுவிட வேண்டியது. பிளாஸ்டிக் பாயில் சுற்றி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். பஸ்ஸில் ஒரு பையன் அந்தப் பாயின்மேல் சாய்ந்துகொண்டு தூங்கிவிட்டான். எனக்கு உயிரே இல்லை.

படகில் கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். இது கடல்காகங்கள் வருகிற காலம், மறந்தே போனோம். ஊர் ஜனமெல்லாம் குழந்தை குட்டிகளோடு ஓரத்தில் நின்று பொரி வீசுகிறார்கள், வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் கையருகே வந்து கவ்வுகின்றன. யாரும் பார்க்காத ஓரம் என்று ஒன்று அந்தப் படகில் கிடையாது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் கையிலும் ஒரு பொட்டலம் பொரியைத் திணித்துவிட்டாள். ஒன்றை வீசினேன். ஒரு பறவை அந்தரத்திலேயே பிடித்தது. நான் "ஐயோ!" என்று கத்திச் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மோகன் பாயை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆற்றைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படகு கரையை நெருங்கியபோது கேட்டேன், "போடலையா?"

"மனசு வரலை, டோ விஜயா. எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு. நூத்தம்பது வருஷம் தாக்குப்பிடிச்ச பொருளை நான் போயி மூழ்கடிக்கிறதா?"

எனக்கும் மனசு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வந்ததுதான் வந்தோம் என்று கரையில் சாயாக் கடையில் உட்கார்ந்து சாயாவும் பலகாரமும் சாப்பிட்டோம். சைக்கிள் ரிக்ஷா மாதிரி இருக்கிற சைக்கா ஒன்று பேசி டாலா முழுவதும் சுற்றினோம். நானும் மோகனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார, நடுவில் அந்தப் பாய். வயல் பக்கம் காற்று நன்றாக இருந்தது. நான் யாங்கோனிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆற்றைத் தாண்டி வேடிக்கை பார்ப்பதற்காக மட்டும் ஒருநாள் போனது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எதற்காகப் போனோம் என்று நினைத்து வாசலில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மிஸ்பா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் போலீஸில் போய்ச் சொல்லிவிடுவது என்று நான்தான் சொன்னேன். ஒளித்து வைத்தால்தான் குற்றம், நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பாயோடு போனோம்.

ஆபீசர் வயதில் சின்னவர். பாயைப் பிரித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கும் பயம்தான். பிறகு கண்டிப்பாகக் கேள்வி கேட்டார். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை. கிடைத்த அன்றே வராதது தப்பு என்றார். மேலே விசாரித்துப் பதில் வரும்வரை, அது இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்றார். "யார் வீட்டில் இருந்தது?"

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன், ரமேஷ். ஸ்டேஷனில் இருப்பதென்றால் எங்கே? உள்ளே கம்பிக்குப் பின்னால் ஆண்கள் சிலர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. என் வீடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மோகன் முன்னால் வந்துவிட்டார்.

"என் வீடுதான். இவங்க என் சம்சாரம். நான்தான் எடுத்து வச்சிருந்தேன், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இவங்களை அனுப்பிடுங்க, நான் இருக்கேன்."

அதை அவர் பர்மிய மொழியில்தான் சொன்னார், நிறுத்தாமல், மூச்சு விடாமல். விசிலடிக்கிற மனிதருக்கு அன்று விசில் வரவில்லை. ஆபீசர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "டோ விஜயகுமாரி, இவர் உங்கள் கணவரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பொய் சொன்னார் என்று ஆகும், அவர் மாட்டிக்கொள்வார். அதனால்தான் ஆமாம் என்று சொன்னேன் என்று உனக்கு எழுதிவிடலாம். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு இந்த யோசனை எதுவும் வரவில்லை. "ஹௌக்கே" என்றேன். ஆமாங்க என்று. ஒரே வார்த்தை. தமிழில் கேட்டிருந்தால் வாய் வந்திருக்குமோ என்னவோ.

வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். நான் போகவில்லை. வீட்டுக்கு ஓடி, புளிச்சோறும் அப்பளமும் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாயும்வரை இருந்தேன். மிஸ்பா விஷயம் தெரிந்து அவள் பங்குக்குப் பிரியாணியோடு வந்துவிட்டாள். எங்களோடு ஸ்டேஷன் ஆட்களும் சாப்பிட்டார்கள். அந்தச் சின்ன ஆபீசர் அப்பளத்தைக் காட்டி இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். அப்போதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மீதிப் பயம் மறுநாள் காலையில் நான் திரும்பப் போனபோது போயிற்று. ஆயுதம் பார்க்கிறவர் ஒருவர் வந்து எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி அந்தக் குழாயைத் திருகி உருவினார். எல்லோரும் தள்ளி நின்றோம். தட்டினார். உள்ளேயிருந்து கொட்டியது குண்டு இல்லை, மண். குளவி கூடு கட்டி வைத்திருந்திருக்கிறது! முன்பக்கக் குழலும் அப்படியேதான், துருவும் மண்ணுமாக அடைத்துக் கல்லாகிவிட்டிருந்தது. "இதை வைத்து ஈ கூட அடிக்க முடியாது" என்று அவர் சொன்னதும் ஸ்டேஷனே சிரித்தது. குளவிக்குப் பயந்து நான் மிஸ்பா வீட்டுச் சுவரைக் காப்பாற்றியிருக்கிறேன்!

மேலிடத்துக்குப் போன் போட்டார்கள். அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மா காரில் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தத் துப்பாக்கியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்துக் குதிரைப்படைத் துப்பாக்கி என்றார். பிறகு மேற்கே புது நிலம் தேடிப் போன பட்டாளமும் இதைத்தான் வைத்திருந்ததாம். சண்டை ஓய்ந்ததும் மிச்சமானதை வெளிநாடுகளுக்கு மலிவாக விற்றுவிட்டார்களாம். இங்கே எந்தக் கப்பலில் வந்தது, யார் ஒளித்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, ராஜா காலத்தில் வந்திருக்கலாம், வியாபாரி எவனாவது கொண்டுவந்திருக்கலாம் என்றார். மோகன் அவரைக் கேள்விமேல் கேள்வியாகத் துளைத்துவிட்டார். கடைசியில், ஒரு தடவை தோளில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தார். மோகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றதைப் பார்க்க வேண்டுமே! கைலி கட்டிய குதிரை வீரன். குதிரை மட்டும்தான் இல்லை.

கேஸ் கிடையாது, தாங்களாகவே கொண்டுவந்ததற்கு நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போன வாரம் அருங்காட்சியகத்தில் சின்ன விழா. எங்களை அழைத்து ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். அதற்குக் கீழே என்ன போடுவார்கள் என்று அந்த அம்மா வாசித்துக் காட்டினார்: "அலோனைச் சேர்ந்த ஊ மோகன், டோ விஜயகுமாரி தம்பதியர்." போலீஸில் சொன்னதுதான் அங்கேயும் போயிருக்கிறது. நான் திருத்தாமல் சால்வையைச் சரிசெய்துகொண்டேன். மோகன் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மோகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "உங்களைக் கேக்காம அப்படிச் சொல்லிட்டேன். பேப்பர்காரங்கிட்ட போய் மாத்தச் சொல்லிடட்டுங்களா? நேரம் இருக்கு."

"போலீஸ்ல ஒரு மாதிரி, பேப்பர்ல ஒரு மாதிரின்னா அது வேற வம்பு," என்றேன்.

"அப்ப?"

"அப்ப அப்படியே இருக்கட்டும்."

அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ரமேஷ், உனக்குத் தெரியும், இங்கே நம் ஆட்கள் எல்லா ஆண்களையும் அண்ணன் என்று கூப்பிடுகிற வழக்கம் உண்டு. நான் இவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பர்மாக்காரர்கள் மாதிரி ஊ மோகன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை, இப்போது யோசிக்கிறேன்.

உன் அப்பாவை நான் மறக்கவில்லை. பாலா என்றால் இன்றைக்கும் துறைமுகத்து ஆட்கள் "கிரேன்கார பாலாவா?" என்று மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். நான் அவரோடு நன்றாக வாழ்ந்தேன். அதில் இருந்து எதையும் எடுத்து யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அது அப்படியே இருக்கிறது. இது வேறு.

கோயில் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று நீ பயப்படலாம். பேசத்தான் செய்வார்கள். அவர்களில் சொர்ணம்மாள் ஏற்கெனவே ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனாள், மறுநாள் காலையில் வழக்கம்போல் வந்து தோசை வாங்கினாள். ஊர் பேசுவதை நான் தாங்கிக்கொள்வேன். நீ பேசாமல் இருந்தால்தான் தாங்கமாட்டேன்.

சத்யா, நீ எனக்கு மகள் மாதிரி. இவன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் போய்த் தனியாக உட்காருவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, பிறகு சாயா கொண்டுபோய்க் கொடு. எனக்காக வாதாட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

பொங்கலுக்கு இரண்டு பேரும் வாருங்கள். லீவு கிடைக்காது என்று சொல்லாதே, உன் முதலாளியிடம் அம்மாவுக்கு வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது, நான் கூட நிற்க வேண்டும் என்று சொல். பொய் இல்லை. நீ வராமல் இங்கே எதுவும் நடக்காது. உன் முகத்தைப் பார்க்காமல் நான் தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டேன். அவரிடமும் அதைச் சொல்லிவிட்டேன். அவரும் "பிள்ளை வரட்டும், பிள்ளை சொல்றதுதான்" என்றார்.

பெரிய பதில் எதுவும் எழுத வேண்டாம். விமானம் எந்த நாள் என்று மட்டும் போனில் சொல். அதோடு இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிடு, சாமி. உங்களை அழைத்துவர விமான நிலையத்துக்கு அம்மா எப்போதும்போல் தனியாக வரட்டுமா, இல்லை, இரண்டு பேராக வரட்டுமா?

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் தட்டில் ஒருவர் பரிமாறி, நூறு வருஷம் சேர்ந்து சாப்பிட வேண்டும்.

உன் பதிலுக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா